கம்பி வெடிப்பதைப் படமெடுக்க: கிரெனோபிள் பயணக் குறிப்புகள்

ஞாயிறு

லியோன் விமான நிலையத்திலிருந்து கிரெனோபிளுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். ஊர் நெருங்க நெருங்க மலைகள் பக்கத்தில் வந்து நின்றுகொள்கின்றன. வடக்கே ஷார்ட்ரூஸ், மேற்கே வெர்கோர், கிழக்கே பெல்டோன். இசேர், டிராக் என்ற இரண்டு ஆறுகள் சேரும் முனையில் வட்டமாக ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. அதுதான் ஐரோப்பிய சின்க்ரோட்ரான், சுருக்கமாக ஈஎஸ்ஆர்எஃப். 844 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்துக்குள் 6 கிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் எலக்ட்ரான்கள் ஓடுகின்றன, வளையும் இடங்களிலும் காந்த வரிசைகள் வைத்த இடங்களிலும் எக்ஸ் கதிரைக் கொட்டுகின்றன. இந்த வாரம் முழுக்க எங்களுக்கு இங்கேதான் வேலை.

வேலை என்னவென்று கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: தண்ணீருக்குள் ஒரு செம்புக் கம்பியை மின்சாரத்தால் வெடிக்க வைத்து, அது வெடிக்கும்போதே உள்ளே என்ன நடக்கிறது என்று எக்ஸ் கதிரில் படம் எடுப்பது. ஏன் இதற்காக ஒரு சின்க்ரோட்ரான் வரை வர வேண்டும் என்பதைத்தான் வாரம் முழுக்க எழுதப்போகிறேன். இன்று தூங்கினால் போதும். விடுதி வளாகத்துக்குள்ளேயே இருப்பது வசதி.

திங்கள்

காலை முழுக்கப் பாதுகாப்புப் பயிற்சி, அடையாள அட்டை, சட்டையில் மாட்டிக்கொள்ள கதிர் அளவி. அப்புறம் பெட்டிகளைப் பிரித்தோம். எங்கள் கருவி வாரங்களுக்கு முன்பே சரக்கில் வந்து சேர்ந்திருந்தது. பல்ஸ்டு பவர், அதாவது மின்னாற்றலைச் சேர்த்து வைத்து நொடிப்பொழுதில் கொட்டும் கருவி என்றாலே கட்டடம் அளவுக்கு இருக்கும் என்று பலர் நினைப்பார்கள். எங்களுடையது ஒரு மேசையில் அடங்கிவிடும். மின்தேக்கிகளில் 30 கிலோவோல்ட் வரை மெதுவாக ஏற்றி, ஒரு பொறி சுவிட்சைத் தட்டினால் ஒரு மைக்ரோநொடிக்குள் 30 கிலோ ஆம்பியர் கம்பி வழியாகப் பாயும். சேர்த்து வைக்கும் ஆற்றல் சுமார் 300 ஜூல்தான். கேட்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் அதை ஒரு மைக்ரோநொடியில் கொட்டினால் சில நூறு மெகாவாட் ஆகிவிடுகிறது.

அந்த 30 கிலோ ஆம்பியர் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 மைக்ரான் தடிமனுள்ள கம்பியின் மேற்பரப்பில் காந்தப்புலம் 60 டெஸ்லா. அது கம்பியை எல்லாப் பக்கமும் அழுத்தும் அழுத்தம் சுமார் 14,000 வளிமண்டலம். மின்னோட்டம் தன் காந்தப்புலத்தாலேயே தன்னை நெரித்துக்கொள்ளும் இதற்குத்தான் பிஞ்ச் என்று பெயர். ஆய்வகத்துக்கு முன்னால் இயற்கையே இதைச் செய்து காட்டியிருக்கிறது: ஆஸ்திரேலியாவில் ஒரு மண்ணெண்ணெய் ஆலையின் இடிதாங்கியில் மின்னல் இறங்கியபோது உள்ளீடற்ற செம்புக் குழாய் நசுங்கிப்போனது, அதை எடுத்து ஆராய்ந்து 1905-இல் பொல்லாக்கும் பாரக்ளாவும் காரணம் மின்னோட்டத்தின் காந்த அழுத்தம்தான் என்று எழுதினார்கள். பென்னெட் 1934-இல் இதற்குச் சமன்பாடு கொடுத்தார். அணுக்கரு இணைவுக்காகப் பிளாஸ்மாவை (மின்னேற்றம் பெற்ற சூடான வாயுவை) இப்படியே நெரித்துச் சூடேற்றலாம் என்ற ஆசை அதன் பிறகு வந்தது.

ஆசைக்குக் குறுக்கே நின்றது நிலையின்மை. குழாயை லேசாகத் திறந்தால் தண்ணீர் கம்பியாக விழுந்து, கீழே போகப்போக மணிமணியாக அறுபடும் இல்லையா, பிளாஸ்மாத் தூணும் அப்படித்தான் இடையிடையே ஒடுங்கி அறுபடுகிறது. ஒடுங்கிய இடத்தில் ஆரம் குறைவு, ஆரம் குறைந்தால் காந்தப்புலம் அதிகம், புலம் அதிகமானால் இன்னும் நெரிக்கும், இன்னும் ஒடுங்கும். இதோடு தூண் பாம்பு போல நெளிந்து சுவரில் முட்டும் இன்னொரு வகையும் உண்டு. 1954-இல் குருஸ்கலும் ஷ்வார்ட்ஸ்சைல்டும் இதைக் கணிதத்தில் காட்டிவிட்டார்கள். அப்படியும் 1958 ஜனவரியில் பிரிட்டனின் ஸீட்டா இயந்திரத்தில் இணைவு நடந்துவிட்டது என்று பெரிதாக அறிவிப்பு வந்தது. சில மாதங்களில், வெளிவந்த நியூட்ரான்கள் வெப்பத்தால் வந்தவை இல்லை, நிலையின்மையின் வேலை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. உள்ளே பார்க்க முடியாதவர்கள் வெளியே வரும் நியூட்ரானை எண்ணி முடிவுக்கு வந்தால் இப்படித்தான் ஆகும் என்பது என் எண்ணம்.

செவ்வாய்

வளையத்திலிருந்து எக்ஸ் கதிரைச் சோதனை இடத்துக்குக் கொண்டுவரும் பாதைக்கு பீம்லைன் என்று பெயர். எங்கள் பீம்லைன் ஐடி19. இது வளையக் கூடத்துக்குள் அடங்காமல் வெளியே நீண்டு தனிக் கட்டடத்தில் முடிகிறது. கதிர் பிறக்கும் இடத்திலிருந்து எங்கள் கம்பி இருக்கும் இடம் வரை சுமார் 145 மீட்டர். இந்தத் தூரம் சும்மா இல்லை. ஒரு சிறு புள்ளியிலிருந்து கிளம்பிய கதிர் இவ்வளவு தூரம் வந்தால் அதன் அலைகள் ஒத்திசைவோடு இருக்கும், அதனால் எக்ஸ் கதிரை விழுங்காத பொருள்களின் விளிம்புகள்கூடப் படத்தில் கோடாகத் தெரியும். தண்ணீரில் போகும் அதிர்ச்சி அலை அப்படித் தெரிய வேண்டிய ஒன்று. சாதாரண நிழற்படத்தில் அழுந்திய தண்ணீருக்கும் அழுந்தாத தண்ணீருக்கும் வித்தியாசம் மிகக் குறைவு.

ஹட்ச் என்பது ஈயச் சுவர் வைத்த அறை. கதிர் வரும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறை கதவைச் சாத்தும்போதும் ஒருவர் உள்ளே மூலை முடுக்கெல்லாம் நடந்து பார்த்து, பொத்தான்களை அழுத்தி, எச்சரிக்கை ஒலி முடிவதற்குள் வெளியே வர வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் (ஒரு வெடிப்பை அப்படித்தான் சொல்வோம்) கம்பி மாற்ற வேண்டும். அதாவது ஒவ்வொரு கம்பிக்கும் இந்தச் சடங்கு முழுதாக ஒரு தடவை. இதிலேயே எங்கள் நாள் கரைகிறது, அதற்காக அலுத்துக்கொள்ளவும் முடியாது.

கம்பி மாட்டுவதை நெருக்கத்தில் சொல்கிறேன். அகலம் குறைவான, பக்கவாட்டில் பிளாஸ்டிக் சாளரம் வைத்த தொட்டி. நடுவில் மேலும் கீழும் இரண்டு பித்தளைப் பிடிகள். கம்பியை நறுக்கி, அசிட்டோனில் துடைத்து, விரல் ரேகைகூடப் படாமல் இடுக்கியால் பிடித்து, கீழ்ப் பிடியில் முறுக்கி, மேலே லேசாக இழுத்துப் பிடித்து முடுக்க வேண்டும். இழுப்பு போதாவிட்டால் வளையும், அதிகமானால் மெலியும். பிறகு அயனி நீக்கிய தண்ணீரை மெதுவாக விட வேண்டும். மெதுவாக விட்டாலும் கம்பியில் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கு அவை பளபளப்பான புள்ளிகள். எக்ஸ் கதிரில் பார்த்தால் கம்பியின் ஓரத்தில் வரிசையாக வெள்ளைப் பள்ளங்கள். விஷயம் தெரியாதவர் அந்தப் படத்தைப் பார்த்தால் நிலையின்மை ஆரம்பித்துவிட்டது என்றே சத்தியம் செய்வார், மின்சாரம் இன்னும் பாயவே இல்லை. ஆகவே மெல்லிய தூரிகையால் கம்பியை மேலிருந்து கீழாக வருடிக் குமிழ்களை விரட்டுவது எங்கள் முனைவர் பட்ட மாணவியின் வேலை, அவருடைய கைதான் குழுவில் நடுங்காத கை.

தண்ணீர் எதற்கு என்று பீம்லைன் விஞ்ஞானி கேட்டார். நியாயமான கேள்வி. வெற்றிடத்திலோ காற்றிலோ கம்பி சூடானால் அதிலிருந்து கிளம்பும் ஆவி முதலில் மின்முறிவு அடைந்து, மின்னோட்டம் கம்பியை விட்டு அந்த ஆவி வழியாக ஓடிவிடும். கம்பியின் உள்பகுதி பாதி உருகிய நிலையில் அநாதையாக நின்றுவிடும். தண்ணீர் சுற்றிலும் அழுத்திப் பிடிப்பதால் அந்தக் குறுக்குவழி கிடைப்பதில்லை. செம்பு திண்மம், திரவம், ஆவி, அடர்ந்த பிளாஸ்மா என்று ஒவ்வொரு படியாகப் போகும், எல்லாப் படியிலும் மின்னோட்டம் அதன் வழியாகவே ஓடும். கதிருக்கும் தொந்தரவில்லை: 30 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எக்ஸ் கதிரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் மூன்றில் இரண்டு பங்கை விட்டுவிடும், 200 மைக்ரான் செம்பு ஏழில் ஒரு பங்கைத்தான் விடும். படத்தில் கம்பி கரும்பட்டையாக, அதைச் சுற்றி வெளிச்சமாக வருகிறது.

புதன்

இன்று ஒரு நாள் முழுக்க இரைச்சலோடு மல்லுக்கட்டு.

முதலில் நேரக் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். வளையத்தில் எலக்ட்ரான்கள் தொடர்ந்து பரவி ஓடுவதில்லை, கொத்துக் கொத்தாக ஓடுகின்றன. இந்த வாரம் வளையம் 16 கொத்து முறையில் ஓடுகிறது. ஒரு சுற்று 2.8 மைக்ரோநொடி என்பதால் 176 நானோநொடிக்கு ஒரு முறை எக்ஸ் கதிர் மின்னும். ஒவ்வொரு மின்னலும் 100 பிகோநொடி அளவுதான். எங்கள் கேமரா ஒன்று விட்டு ஒன்று எடுக்கிறது, அதாவது 352 நானோநொடிக்கு ஒரு படம், ஒரு ஷாட்டுக்கு 128 படங்கள். நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் செம்பு விரிந்தாலும் 100 பிகோநொடியில் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குதான் நகரும். மங்கல் என்ற பேச்சே இல்லை. வேறெங்கு கிடைக்கும் இது!

ஆனால் மின்னல் நம் வசதிக்காகக் காத்திருக்காது. வளையத்தின் கடிகாரம் 352 மெகாஹெர்ட்ஸில் தன்பாட்டுக்குத் துடிக்கிறது, நாம்தான் அதற்கு ஒத்துப்போக வேண்டும். அந்தக் கடிகாரத் துடிப்பை வாங்கி, தாமதக் கருவி வழியாக, முதலில் இயந்திர ஷட்டரைத் திறந்து, பிறகு கேமராவை எழுப்பி, கடைசியில் எங்கள் பொறி சுவிட்சைத் தட்ட வேண்டும். ஷட்டரைச் சில மில்லிநொடிக்கு மேல் திறந்து வைத்தால் கதிரின் சூட்டில் எக்ஸ் கதிரைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றும் ஸின்டிலேட்டர் படிகம் பாழாகும். சுவிட்சோ வாயுவில் பொறி தாவும் பொருள், ஒவ்வொரு முறையும் சில பத்து நானோநொடி முன்பின் ஆகும். அந்த ஊசலாட்டத்தைக் குறைக்க வாயு அழுத்தத்தையும் மின்னழுத்தத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் காலை வேலை.

மதியம் கம்பி இல்லாமல் ஒரு தடிமனான செம்புத் தண்டை வைத்து மின்தேக்கியை விடுவித்தோம். கேமரா படம் எடுத்தது, தப்பான நேரத்தில். 30 கிலோ ஆம்பியர் ஒரு மைக்ரோநொடியில் எழும்போது பக்கத்தில் உள்ள எல்லாக் கம்பிகளும் ஆன்டெனா ஆகிவிடுகின்றன. கேமராவுக்குப் படமெடு என்று கட்டளை கொண்டுபோகும் டிரிகர் கம்பியில் ஏறிய இரைச்சலை அது கட்டளை என்று எடுத்துக்கொண்டது. ஆஸிலோஸ்கோப்பில் மின்னோட்டக் கோடு ஆரம்பிக்கும் இடத்தில் புல் முளைத்தது போல் கோடுகள். பல்ஸ்டு பவர் ஆட்களுக்கு இது பழக்கப்பட்ட தலைவலி, ஆனால் ஒரு சின்க்ரோட்ரான் பீம்லைனில் இருக்கும் நுண்ணிய மோட்டார்களும் உணரிகளும் இப்படிப்பட்ட விருந்தாளியை அடிக்கடி பார்ப்பவை இல்லை. பீம்லைன் விஞ்ஞானி முகத்தில் ஈயாடவில்லை. தன் மோட்டார்கள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லும் வரை அவர் உட்காரவே இல்லை.

சாயங்காலம் வரை செய்தது: டிரிகர் எல்லாவற்றையும் ஒளியிழைக்கு மாற்றினோம், கேமராவைச் செம்பு வலைப் பெட்டிக்குள் வைத்தோம், தரை இணைப்பு எல்லாவற்றையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தோம். பீம்லைன் ஆட்களிடமிருந்து கிடைத்த பழைய செம்புத் தகடு ஒன்று இதில் பெரிய உதவி. இரவு மறுபடி விடுவித்தபோது கேமரா அசையவில்லை, சொன்ன நேரத்துக்கு எடுத்தது. சரி, நாளை கம்பி.

வியாழன், விடிய விடிய

முதல் உண்மையான ஷாட்டுக்கு எல்லோரும் ஒரு திரைக்கு முன்னால் நெருக்கியடித்து நின்றோம். ஹட்சுக்குள்ளிருந்து ஒரு டொக் சத்தம், ஈயச் சுவரைத் தாண்டி அவ்வளவுதான் கேட்டது. படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதல் சில படங்களில் கம்பி ஆடாமல் அசையாமல் இருக்கிறது. அடுத்ததில் லேசாகத் தடிக்கிறது. அதற்கடுத்ததில் சட்டென்று உப்பி, இரண்டு பக்கமும் மெல்லிய கோடாக அதிர்ச்சி அலை பிரிந்து போகிறது, அடுத்த சில படங்களுக்குள் படச் சட்டத்தையே விட்டு ஓடிவிட்டது. எங்களுக்கு வேண்டியது உப்பத் தொடங்கும் அந்த ஒன்றிரண்டு படங்கள்தான், மற்றவை கூடவே வருபவை. சுவிட்சின் தாமதத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, கம்பி மாற்றி மாற்றி, அந்த இடத்தை நெருக்கமாகப் பிடிப்பதே இரவு முழுக்க நடந்தது.

நள்ளிரவு தாண்டி ஒரு ஷாட்டில் அது கிடைத்தது. கரும்பட்டைக்குள் குறுக்கே மெல்லிய கோடுகள், வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு என்று மின்னோட்டத்துக்குச் செங்குத்தாக அடுக்கடுக்காக. கம்பியின் ஓரம் இன்னும் நேராகத்தான் இருக்கிறது, உள்ளே மட்டும் அடர்த்தி பட்டை பட்டையாக மாறியிருக்கிறது. மாணவி திரையைத் தொட்டு எண்ணத் தொடங்கினார், பிறகு பாதியில் விட்டுவிட்டுக் கணினியை எண்ணச் சொன்னார்.

இது நெரிசலால் வரும் ஒடுக்கம் இல்லை, அதற்கு முன்பே வரும் வேறொன்று: மின்வெப்ப நிலையின்மை. உலோகத்துக்குச் சூடு ஏறினால் மின்தடை ஏறும். கம்பியில் ஓர் இடம் சற்றே சூடாக இருந்தால் அங்கே தடை கூடும். ஒரே மின்னோட்டம்தான் எல்லா இடத்திலும் வரிசையாகப் பாய்கிறது, ஆகவே தடை கூடிய இடத்தில் வெப்பமும் கூடும், இன்னும் சூடாகும், இன்னும் தடை கூடும். முடிவில் குறுக்குப் பட்டைகள். அதே பொருள் நன்கு சூடான பிளாஸ்மா ஆகிவிட்டால் கதை தலைகீழ். பிளாஸ்மாவில் சூடு ஏறினால் தடை இறங்கும், மின்னோட்டம் சூடான வழியைத் தேடி ஓடும், அதனால் பட்டைகள் மின்னோட்டத்தின் திசையிலேயே நூல்நூலாக அமையும். பட்டை குறுக்கே இருக்கிறதா நெடுக்கே இருக்கிறதா என்பதை வைத்தே அந்த நேரத்தில் செம்பு எந்த நிலையில் இருந்தது என்று ஊகிக்கலாம். ஒரே படத்தில் இவ்வளவு விஷயம் இருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

வெள்ளி

தூக்கம் போதாத நாள். ஷாட்டுகளுக்கு நடுவில் கட்டுப்பாட்டு அறையில் பேச்சு இயந்திரங்களைப் பற்றிப் போயிற்று.

பெரிய இயந்திரங்களில் இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறார்கள்? அமெரிக்காவின் ஆல்புகெர்க்கியில் சாண்டியா ஆய்வகத்தின் இஸட் இயந்திரம் 26 மெகா ஆம்பியர் வரை 100 நானோநொடி அளவில் பாய்ச்சுகிறது. அதைச் சின்க்ரோட்ரானுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, எக்ஸ் கதிர்தான் அங்கே போக வேண்டும். பக்கத்தில் ஒரு பெரிய லேசரை வைத்து, மாங்கனீசுத் தகட்டில் அடித்து, வரும் 6.15 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிரை வளைந்த குவார்ட்ஸ் படிகத்தால் பிரதிபலித்துப் படமெடுக்கிறார்கள். ஒரு ஷாட்டுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு படம். எங்களுக்கு 128. ஆனால் அவர்கள் பார்ப்பது மெகா ஆம்பியரில் உள்ளே நசுங்கும் உலோக உருளை, நாங்கள் பார்ப்பது மேசை மேல் கம்பி. யாருக்கு எது கூடுதல் என்று எங்கள் குழுவில் ஒத்த கருத்து கிடையாது.

நடுத்தர அளவு இயந்திரங்களில் எக்ஸ் பிஞ்ச் என்றொரு வழி உண்டு, எனக்கு மிகப் பிடித்த உத்தி. இரண்டு மூன்று மெல்லிய கம்பிகளை நடுவில் ஒன்றை ஒன்று தொடும்படி குறுக்காக வைத்து மின்சாரத்தைப் பாய்ச்சினால், தொடும் புள்ளியில் மின்னோட்டம் எல்லாம் சேர்ந்து கடுமையாக நெரித்து, மைக்ரான் அளவுப் புள்ளியிலிருந்து ஒரு நானோநொடிக்கும் குறைவாக எக்ஸ் கதிர் மின்னும். மாஸ்கோவின் லெபடேவ் நிறுவனத்தார் 1982-இல் காட்டியது. பிறகு அமெரிக்காவின் கார்னெல், லண்டனின் இம்பீரியல் கல்லூரி என்று பல இடங்களில் பரவியது. கவனியுங்கள், இங்கே நாம் பயந்துகொண்டிருக்கும் அதே ஒடுக்க நிலையின்மைதான் விளக்காகிறது! பிஞ்சைப் பார்க்க இன்னொரு பிஞ்சையே விளக்காக வைப்பது. என்ன, அது எப்போது மின்னும் என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது, ஒரு ஷாட்டுக்கு ஒரு படம்தான், கம்பியும் போய்விடும். எங்கள் 30 கிலோ ஆம்பியர் அதற்குப் போதவும் போதாது.

அப்படியென்றால் இந்தச் சின்னக் கம்பியில் பட்டைகளைப் பார்த்து இஸட் இயந்திரத்துக்கு என்ன பயன்? அங்கே உலோக உருளையின் வெளிப்பரப்பில் முதலில் தோன்றும் இந்த மின்வெப்பப் பட்டைகள்தான் பிறகு வளரும் பெரிய நிலையின்மைக்கு விதை என்று சாண்டியா குழுவினர் காட்டியிருக்கிறார்கள். 2014-இல் உருளையின் மேல் தடிமனாகப் பிளாஸ்டிக் பூசியபோது அந்த வளர்ச்சி வெகுவாகக் குறைந்தது. விதைப் பருவத்தில் உலோகம் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்குக் கணினி மாதிரிகள் நம்பியிருப்பது மின்தடை அட்டவணைகளை, உருகலுக்கும் ஆவியாவதற்கும் நடுவில் அந்த அட்டவணைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. அங்கே ஒரு படம் நூறு கணக்கீட்டுக்குச் சமம் என்பேன், கணக்கீட்டுக்காரர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அதனால் இன்று எனாமல் பூசிய கம்பியையும் போட்டோம், மோட்டார் காயில் சுற்றப் பயன்படும் அதே வகை. கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியவில்லை. தண்ணீரே ஏற்கெனவே கம்பியை இறுக்கிப் பிடித்திருப்பதால் மேலே ஒரு மெல்லிய பூச்சு பெரிதாகச் சேர்க்காமல் இருக்கலாம், எனாமலில் குமிழ் ஒட்டாததால் ஓரம் சுத்தமாக வந்தது என்பது மட்டும் உறுதி. மாணவிக்குத் தூரிகை வேலை மிச்சம்.

சனி

காலையோடு எங்கள் நேரம் முடிந்தது. கடைசி ஷாட் முடிந்த கையோடு மின்தேக்கிகளைத் தரையோடு இணைத்துவிட்டு, தொட்டியைக் கவிழ்த்தோம். அடியில் செம்புத் தூள் கருப்பாக ஒட்டியிருந்தது, சாளரங்களில் சல்லடைக் கண்போலச் சின்னச் சின்னக் கீறல்கள். பெட்டிகளை மூடி ஆணி அடிக்கும்போது அடுத்த குழு கதவுக்கு வெளியே தள்ளுவண்டியோடு நின்றுகொண்டிருந்தது.

இனி மேசை வேலை. மின்னோட்டம் அளந்த சுருளின் சமிக்ஞையையும் எக்ஸ் கதிர் மின்னலையும் ஒரே ஆஸிலோஸ்கோப்பில் பதிவு செய்திருக்கிறோம், அதை வைத்து ஒவ்வொரு படத்துக்கும் அந்த நொடியில் கம்பியில் எவ்வளவு மின்னோட்டம், எவ்வளவு ஆற்றல் இறங்கியிருந்தது என்று பொருத்த வேண்டும். பிறகு நிழலின் கருமையிலிருந்து அடர்த்தி, பட்டைகளின் இடைவெளி நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பது. இடைவெளி வளர்ந்துகொண்டே போனால் சின்னப் பட்டைகள் ஒன்றோடொன்று சேர்கின்றன என்று அர்த்தம், வளராமல் நின்றால் வேறு கதை.

விமான நிலையப் பேருந்தில் மாணவி அடுத்த விண்ணப்பத்துக்கான கம்பிப் பட்டியலை எழுதிக்கொண்டிருக்கிறார். டங்ஸ்டன் முதலில், அதற்கு அடுத்து டைட்டானியம். அலுமினியத்தைக் கடைசியில் போட்டிருக்கிறார், சூடான அலுமினியம் தண்ணீரோடு எரிந்து தானும் ஆற்றல் தரும் என்பதால் மின்சாரம் கொடுத்தது எவ்வளவு, வேதியியல் கொடுத்தது எவ்வளவு என்று பிரிப்பது தனித் தலைவலி.